பௌர்ணமிச் சாவு

அடி அண்ணாமலையில் கோழிப் பண்ணையாக இருந்த நீளமான கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, 'சிறகு மக்கள் கலைவெளி' என்று பலகை மாட்டினார்கள். அந்தப் பெயரில் இருந்த வேடிக்கை மாட்டியவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைக் கோழிக்கொட்டாய் என்றுதான் சொல்கிறார்கள். மழை பெய்தால் தரையிலிருந்து பழைய வாடை எழும்பும். அன்றைக்கு மட்டும் உள்ளே இரண்டு மடங்கு ஊதுவத்தி எரியும்.

சிறகுக்குத் தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, சம்பளக்காரர் கிடையாது. எல்லோரும் தன்னார்வலர்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மலையடிக்கு வந்த இளவரசன்தான் அதைத் தொடங்கியவர். கேட்டால், "நான் தொடங்கல, அது தன்னால நடந்துச்சு" என்பார். முடிவுகளை வட்டமாக உட்கார்ந்து எடுப்பார்கள். மலையிலிருந்து பொறுக்கி வந்த ஒரு கல் கைமாறும். கல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். சுற்றி வந்து கடைசியில் அது இளவரசன் கைக்குப் போகும். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். திறந்து என்ன சொல்கிறாரோ அதுதான் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. கழிப்பறை கழுவும் முறையும் இப்படித்தான் முடிவானது. அந்தப் பட்டியலில் எழுதியிருந்த மூன்று பேரும் உள்ளூர்ப் பெண்கள்.

அந்த மூவரில் ஒருத்தி அருணாதேவி. வயது நாற்பத்து நாலு. ஊர்ப் பால் சங்கத்தில் பால் அளக்கிறவள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் வேலை. கருவியை உள்ளே விடுவதற்கு முன்பே, கேனைச் சாய்க்கிறபோது பால் விழுகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவாள். அவள் முன்னால் கேனை இறக்கும்போது பெரிய பெரிய ஆட்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளைச் சிறகுக்காரர்கள் இரண்டு சொற்களால் கவிழ்த்தார்கள். 'கோர் டீம்.' அந்த மையக் குழுவில் இருந்த ஒரே உள்ளூர்க்காரி அவள்தான். வருகிற போகிற விருந்தினர்களிடம், "இவங்க அருணாக்கா, எங்க கோர் டீம்" என்று அவள் தோளில் கை வைத்துச் சொல்வார்கள். கேட்கும்போது அவளுக்குக் கழுத்து ஓர் அங்குலம் நிமிரும். அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் பிடித்திருந்தது.

புதன்கிழமைகளில் அங்கே ஏழு பெண்கள் கூடுவார்கள். முதலில் யாரோ பூவேலை சொல்லித்தர வந்தார்கள். வந்தவர்கள் மூன்றாவது வாரம் கோவாவுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. மின்விசிறி இருந்தது, வீட்டு ஆட்கள் இல்லை, பேச இடம் இருந்தது. பேச்சுவாக்கில் ஒருநாள் அருணாதேவி தன் மாமனார் பௌர்ணமியன்று செத்த கதையைச் சொன்னாள். அதுதான் நாடகமானது.

நடந்தது இதுதான். சித்திரா பௌர்ணமியன்று மத்தியானம் மாமனார் உயிர் போனது. அவர்கள் வீட்டு வாசல் கிரிவலப் பாதை. சுடுகாடு பாதைக்கு அந்தப் பக்கம். நடுவில் லட்சக்கணக்கில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டி வர வழியில்லை, சொந்தக்காரர்கள் வர வழியில்லை. அருணாதேவியின் கொழுந்தன் வேடியப்பன், ஆட்டோ ஓட்டுகிறவன், எதிர்ப்பக்கக் கடையில் மாலை வாங்கி வருகிறேன் என்று பாதையில் கால் வைத்தான். கூட்டம் அவனை அப்படியே தள்ளிக்கொண்டு போனது. திரும்பவும் முடியவில்லை, ஒதுங்கவும் முடியவில்லை. பதினாலு கிலோமீட்டரும் சுற்றிவிட்டு விடிகாலையில் வீடு வந்து சேர்ந்தான். கையில் மாலை இல்லை. நெற்றியில் யாரோ வைத்த விபூதி மட்டும் இருந்தது. இதற்கிடையில், திறந்திருந்த கதவு வழியாகத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்த ஆந்திராக் குடும்பம் ஒன்று, விபூதி பூசிச் சாய்த்து உட்கார வைத்திருந்த மாமனாரைச் சமாதியடைந்த சாமியார் என்று நினைத்து விழுந்து கும்பிட்டது. அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் வரிசை கட்டினார்கள். அழுதுகொண்டிருந்த மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓரமா நின்னு கும்புட்டுட்டுப் போங்க, தள்ளாதீங்க" என்று வரிசையை ஒழுங்குபடுத்தினாள்.

பெண்கள் இதை நாற்பது நிமிஷ நாடகமாக்கினார்கள். தோட்டம் வைத்துக் கீரை விற்கும் ரேணுகாம்பாள்தான் மாமியார். செங்கம் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் பீபி ஜான், விழுந்து கும்பிடும் ஆந்திரா அம்மாள். "நான் எப்படி நடிக்கிறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். பொறந்ததுலேர்ந்து எங்க கடை வாசல்ல கும்புட வர்றவங்களைப் பாத்துக்கினு இருக்கேன்" என்பாள். அருணாதேவிக்கு மருமகள் வேஷம், அதாவது அவளுக்கு அவளே. 'பௌர்ணமிச் சாவு' என்று பெயர் வைத்தார்கள். ஒத்திகை பார்த்தபோது ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சிரித்த வாய் மூடுவதற்குள் ரேணுகாம்பாள் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்து, "உன்னைத் தூக்கக்கூட நேரம் பாக்கணுமாய்யா" என்பாள். அப்போது ஆளாளுக்கு முந்தானையைத் தேடுவார்கள்.

சிறகின் ஆறாம் ஆண்டு விழாவுக்கு அதைப் போடலாம் என்று அருணாதேவி வட்டத்தில் சொன்னாள். கல் சுற்றி வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். "மக்கள்கிட்டேர்ந்தே வருது பாருங்க" என்றார்கள். ஒத்திகை பார்க்க இளவரசனும் இனியாவும் வந்தார்கள். இனியா சென்னைப் பெண். உடல் அசைவுக் கலையை வெளிநாட்டில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்தவள். இருவரும் கடைசிவரை சிரிக்காமல் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அருணாதேவி அப்போது நினைத்தாள். அவர்களுக்கு அடக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

"ரொம்ப அழகு" என்றார் இளவரசன். "ஆனா இது கொஞ்சம் கம்ப்ளெய்ன்ட் மாதிரி இருக்கு. இந்த மலையடியில சாவுங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்! அதை நாம டிராஃபிக் பிரச்சினையா ஆக்கிடக் கூடாது."

"டிராஃபிக் பிரச்சினைதாங்க சார் அது" என்றாள் ரேணுகாம்பாள்.

"சார் வேணாம்மா. இளான்னு கூப்பிடுங்க."

அவரை இளா என்று கூப்பிட அந்த ஊரில் ஆறு வருஷமாக ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து இனியா புதன்கிழமைகளில் வந்தாள். கெட்ட பெண் இல்லை. வரும்போதெல்லாம் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொண்டு வருவாள். முதல் வாரம், "சீரியல் மாதிரி தெரியுது" என்று மாமியாரும் மருமகளும் சண்டை போடும் இடத்தை எடுத்தாள். இரண்டாவது வாரம் ஆந்திராக் குடும்பத்தை எடுத்தாள். பக்தர்களைக் கேலி செய்வதாக யாராவது நினைத்துவிடுவார்களாம். பீபி ஜானுக்கு வேஷம் போய், கையில் ஒரு பானை வந்தது. மூன்றாவது வாரம், மாலை வாங்கப் போனவனை எடுத்தாள். நாலாவது வாரம், "வார்த்தை எதுக்கு? உடம்பு பேசட்டும்" என்று மிச்சமிருந்த வசனத்தையும் எடுத்தாள். கடைசியில் ஏழு பெண்கள் வெள்ளைத் துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகையை மெதுவாகச் சுற்றி நடப்பது மட்டும் மிஞ்சியது. முப்பத்தைந்து நிமிஷம். பெயரும் மாறியது. 'வட்டம்: ஒரு விடைபெறல்.'

ஒவ்வொன்றையும் எடுக்கும்போது இனியா அருணாதேவியின் முகத்தைத்தான் பார்ப்பாள். "அருணாக்கா, கோர் டீமா நீங்க என்ன ஃபீல் பண்றீங்க?" அருணாதேவி ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். மற்ற பெண்களிடம், "அவங்க படிச்சவங்க, நமக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்" என்றாள்.

பீபி ஜான்தான் ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டாள். "ஏன் அருணா, இந்தப் பாலை யாராவது உன் சங்கத்துக்குக் கொண்டாந்தா எடுத்துக்குவியா?"

"இன்னாக்கா சொல்றீங்க?"

"தண்ணி ஜாஸ்தி, பால் கம்மின்னு சொல்லலாம்னு பாத்தேன். இதுல பாலே இல்ல."

அருணாதேவிக்குக் கோபம் வந்தது. பீபி ஜானுக்கு வேஷம் போன வயிற்றெரிச்சல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. செங்கம் ரோட்டு விடுதிகளிலிருந்து இருபது முப்பது பேர் வந்து முன்வரிசையில் மெத்தைகளில் கால் மடித்து உட்கார்ந்தார்கள். 'பௌர்ணமிச் சாவு' என்ற பழைய பெயரை நம்பி ஊர்க்காரர்கள் அறுபது பேர் பின்னால் வந்து நின்றார்கள். வேடியப்பன் தன் ஸ்டாண்டு ஆட்கள் நாலு பேரோடு வந்திருந்தான். தன்னைப் பற்றிய நாடகம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், சலவைச் சட்டை போட்டிருந்தான்.

வெள்ளைத் துணி புறப்பட்டது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. இனியா மூலையில் உட்கார்ந்து ஒரு பித்தளைக் கிண்ணத்தைத் தட்டினாள். முன்வரிசையில் ஒருவர் கண்ணீர் விட்டார். பின்னால் குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின. மேலே தகரம் காய்ந்தது. மூன்றாவது சுற்றில், பின்னாலிருந்து வேடியப்பனின் குரல் கேட்டது. கேலியாகக்கூட இல்லை. அவன் உண்மையாகவே கேட்டான்.

"ஏம்மா, பொணம் எங்கதான் போவுது?"

துணி நின்றது. இளவரசன் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். அருணாதேவி துணியின் முன்முனையைப் பிடித்திருந்தாள். பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அது அவள் எழுதிய வசனம், அவள் வீட்டில் நடந்த சாவு. ஆனால் முன்வரிசையைப் பார்த்தாள், இளவரசனின் விரலைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

ரேணுகாம்பாள் துணியைக் கீழே போட்டாள்.

"எங்கடா போறது? மாலை வாங்கினு வரேன்னு போன பய இன்னும் வரல. மலையைச் சுத்தப் போயிட்டானா?"

பின்னால் வெடிச்சிரிப்பு எழுந்தது. "நான் எங்க போனேன், தள்ளிக்கினு போயிட்டானுங்க!" என்று வேடியப்பன் அங்கிருந்தே கத்தினான். அவ்வளவுதான். பீபி ஜான் பானையை ஓரமாக வைத்துவிட்டுத் துணியை மடித்துப் பிணம்போல முடிச்சாக்கி அதன் முன்னால் விழுந்து தெலுங்கில் கும்பிட்டாள். ஊர்க்கூட்டம் தானாக முன்னால் வந்து வரிசை கட்டியது. "தள்ளாதீங்க, ஓரமா நின்னு கும்புட்டுட்டுப் போங்க!" என்று ரேணுகாம்பாள் விரட்டினாள். மெத்தையில் இருந்தவர்கள் காலை எடுக்க நேரமில்லாமல் மிதி வாங்கினார்கள். இனியா கிண்ணத்தைத் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்திருந்தாள். கடைசியில் ரேணுகாம்பாள் அந்த முடிச்சின் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "உன்னைத் தூக்கக்கூட நேரம் பாக்கணுமாய்யா" என்றாள். பின்னால் நின்ற கிழவர் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அருணாதேவிக்கும் அழுகை வந்தது. அது மாமனாருக்காக வந்த அழுகை இல்லை. ஒரு கீரைக்காரிக்கு இருந்த தைரியம் கோர் டீமுக்கு இல்லாமல் போன வெட்கத்தில் வந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் வழக்கம்போல வட்டம் கூடியது. ஊர்க்காரர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். இளவரசன் கல்லை எடுத்தார், கண்ணை மூடினார், திறந்தார். அருணாதேவி அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவரை மன்னித்திருக்கலாம்.

"இந்த உடைப்புக்காகத்தான் நாங்க ஒரு மாசமா வேலை செஞ்சோம்" என்றார் இளவரசன். "மௌனத்தை அவ்வளவு இறுக்கமா கட்டினாத்தான் மக்கள் குரல் அதைப் பிச்சுக்கிட்டு வரும். இனியா, உன் பொறுமைக்கு நன்றி." முன்வரிசை கைதட்டியது. இனியா முதலில் திருதிருவென்று விழித்தாள். பிறகு மெல்லத் தலை குனிந்து நன்றியை வாங்கிக்கொண்டாள். இளவரசன் கல்லை அருணாதேவியிடம் நீட்டினார். "அருணாக்கா, கோர் டீம் சார்பா நீங்க சொல்லுங்க."

அருணாதேவி கல்லை வாங்கவில்லை.

"நீங்க எதுவும் பண்ணலீங்க சார்" என்றாள். "நாடகத்தை நீங்க கொஞ்சம் கொஞ்சமா கொன்னீங்க, நான் காலைப் புடிச்சிக்கினு இருந்தேன். வேடியப்பன் கேட்டான், ரேணுகாம்மா வாயைத் தொறந்தாங்க. நான் அப்பகூட தொறக்கல. இதுல நமக்கு ஒரு நன்றியும் கிடையாது."

முன்வரிசையில் ஒரு பெண்மணி நெஞ்சில் கை வைத்து, "எவ்வளவு உண்மை" என்று முணுமுணுத்தார். மற்றவர்களும் தலையசைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அருணாதேவி திட்டியதையும் அவர்கள் ரசித்தார்கள்.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் கூட்டக் குறிப்பு வந்தது. 'அருணாக்கா தன் காயத்தை மிக நேர்மையாகப் பகிர்ந்துகொண்டார். அதை ஏந்திக்கொள்ளும் பக்குவம் சிறகுக்கு இருப்பதில் மகிழ்ச்சி.' கீழே பதினெட்டு இதயங்கள். அருணாதேவி பால் சங்க மேசையில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தாள். வரிசையில் நின்றவர், "அம்மா, பாலு" என்றார். அவள் குழுவிலிருந்து விலகிவிட்டு, கேனை வாங்கினாள்.

பத்து நாள் கழித்து இளவரசனே சங்கத்துக்கு வந்தார். சென்னையில் ஒரு கலை விழாவுக்கு 'வட்டம்' நிகழ்ச்சியைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"எல்லாரும் வரணும்க்கா. முதல்ல துணி, மௌனம். மூணாவது சுத்துல வேடியப்பன் ஆடியன்ஸ்லேர்ந்து கேக்கணும். அதே இடத்துல, அதே மாதிரி."

பக்கத்தில் ஆட்டோவில் சாய்ந்திருந்த வேடியப்பன் இதைக் கேட்டுவிட்டான். "இன்னா சார், தெரியாம கேட்டதை நான் தெரிஞ்சிக்கினே கேக்கணுமா?"

"ஆமாங்க, அதான் கலை."

"அப்பால நான் எதுக்கு சார் கேக்கணும்? பொணம் எங்க போவும்னுதான் உங்களுக்கே தெரியுமே."

அருணாதேவி பேச்சை அதற்குமேல் வளர்க்கவில்லை. "வரோம் சார். முழு நாடகம், நாற்பது நிமிஷம், எங்க பேரு, எங்க வசனம். சரின்னா சொல்லுங்க" என்றாள். இளவரசன் விழாக்காரர்களிடம் கேட்டுச் சொல்வதாகப் போனார். பதில் இனியாவின் குரல்செய்தியாக வந்தது. முழு நாடகம் விழாவின் மொழிக்குப் பொருந்தாதாம். மிகவும் வருந்துகிறார்களாம்.

ஆனால் 'வட்டம்' சென்னைக்குப் போனது. அதைப் பெண்கள் பீபி ஜான் கடையில் அவளுடைய போனில் பார்த்தார்கள். ஏழு இளம்பெண்கள், ஒரே மாதிரி கைத்தறிச் சேலை, நல்ல வெளிச்சம். மூன்றாவது சுற்றில் பார்வையாளர் வரிசையிலிருந்து இளவரசனே எழுந்து, "ஏம்மா, பொணம் எங்கதான் போவுது?" என்றார். பெங்களூர்த் தமிழில் அந்த ஊர்ப் பேச்சைப் பூசியிருந்தார். 'போவுது' என்ற சொல்லை மட்டும் வீட்டில் பலதடவை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். இனியா துணியைக் கீழே போட்டுவிட்டு ரேணுகாம்பாளின் வசனத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னாள். சென்னை கைதட்டியது.

கடையில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. பீபி ஜான் தையல் மெஷின் மேல் தலை வைத்துச் சிரித்தாள். ரேணுகாம்பாள் மட்டும் போனைத் திரும்ப வாங்கி, தன் வசனம் வருகிற இடத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"என் புருஷன் செத்தப்ப நான் சொன்னது அது" என்றாள். "அருணா மாமியாரு சொன்னதில்ல. நான்தான் நாடகத்துல சேத்தேன். யாருகிட்டயும் சொல்லல."

சிரிப்பு நின்றது. பீபி ஜான் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். அருணாதேவிக்குத் தான் தலையாட்டிய நாலு புதன்கிழமைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த வசனத்தை எடுத்த நாலாவது வாரமும் அவள் தலையாட்டியிருந்தாள், ரேணுகாம்பாள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மறுநாள் காலை அவள் பால் சங்கத் தலைவர் இராமலிங்கத்திடம் போய்ச் சங்கத்து முற்றத்தைக் கேட்டாள். அவருக்கு நாடகம் என்றாலே அலர்ஜி.

"சாவு நாடகமா? சங்கத்துல எதுக்கும்மா சாவு?"

"சிரிப்பு நாடகம்தான் தலைவரே."

"சிரிக்கிற சாவா?" அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கெல்லாம் எடத்தைக் கழுவி உட்டுடணும். பால் வந்துடும்."

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டார்கள். சாமியானா அரைகுறையாகத்தான் கட்டியிருந்தது. மைக் இரண்டு தடவை செத்தது. பேருக்கு ஒரு தூறல் போட்டுவிட்டுப் போனது. மாலை வாங்கப் போனவன் வேஷத்தை வேடியப்பனே கட்டினான். கட்டிய பிறகு ஒரு வசனமும் நினைவில்லாமல், நடந்ததை அவன் இஷ்டத்துக்குச் சொல்லிக் கால் மணி நேரத்தைத் தின்றுவிட்டான். அருணாதேவி ஓரிடத்தில் வசனம் மறந்து நிற்க, கூட்டத்திலிருந்து ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணும் பாதை ஓரத்து வீட்டுக்காரிதான். அவள் வீட்டிலும் பௌர்ணமியில் ஒரு பிரசவம் நடந்திருக்கிறது. நாடகம் முடிந்ததும் வந்து அதைச் சொல்லத் தொடங்கினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் சொல்வதற்குக் காத்திருந்தார்கள்.

கால் வருஷத்தில் இளவரசன் இமயமலைப் பக்கம் போய்விட்டார். இனியா சென்னையில் 'வட்டம்' பற்றி வகுப்பெடுக்கிறாள் என்று கேள்வி. கோழிக்கொட்டாய்க்காரர் பலகையைக் கழற்றிவிட்டு மறுபடி குஞ்சு இறக்கப் போகிறார்.

புதன்கிழமை பெண்கள் இப்போது சங்கத்து முற்றத்தில் கூடுகிறார்கள். மின்விசிறி இல்லை. வட்டம் இல்லை, எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். பிரசவக் கதையில் மருத்துவச்சியாக யார் நடிப்பது என்று போன வாரம் ரேணுகாம்பாளுக்கும் பீபி ஜானுக்கும் பெரிய சண்டை. அருணாதேவி யார் பக்கமும் தலையாட்டவில்லை. "நாலு மணி ஆவுது, வாளியை எடுங்க" என்று சொல்லிவிட்டு முற்றத்தைக் கழுவத் தொடங்கினாள்.